மூதேவி என்றால் மூத்தவள்



இது நீண்ட பதிவு. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். அறுபது தாண்டிய ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி எழுதப்போகிறேன். சங்கடமாக இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன வாரம் போன் செய்தாள். அவளுக்கு இப்போது 49 வயது. "டீச்சர், மாசாமாசம் வர்றது நின்னு ஒரு வருஷம் ஆச்சு. சமைக்கேன், ஆபீஸ் போறேன், வாறேன். ஆனா எனக்கு உடம்புன்னு ஒண்ணு இருக்கிறதே வலிக்கும்போது மட்டும்தான் தெரியுது" என்றாள். போனில் அவளுக்கு ஏதோ ஆறுதல் சொன்னேன். முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன். அவள் வயதில் என்னிடம் படித்த பெண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறீர்கள், எல்லோருக்கும் ஆகட்டும்.

சார் போன பிறகு என் நாட்கள் எப்படிப் போயின என்று உறவுகளுக்கு ஓரளவு தெரியும். பூ வைக்காதே, பொட்டு வைக்காதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஆனால் தினமும் சாயங்காலம் வாசலில் நின்று குரல் கொடுக்கிற பூக்காரம்மா அடுத்த வீட்டோடு திரும்பிப் போக ஆரம்பித்தாள். கலர் சேலைகள் பீரோவின் மேல்தட்டுக்குப் போயின. ஒருத்திக்காக என்ன சமைப்பது என்று ரசம் சாதத்தை அடுப்படியில் நின்றபடியே சாப்பிடப் பழகிவிட்டேன். தலைக்கு எண்ணெய் வைப்பது மாதம் ஒரு முறை என்று ஆயிற்று. ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். அந்த மாதம் முழுக்க என்னைத் தொட்ட ஒரே மனுஷி, பி.பி. பார்த்த நர்ஸ்.

34 வருடம் தமிழ்ப் பாடம் நடத்தினேன். வயதான பெண் என்றால் நம் கதைகளில் உடனே நினைவுக்கு வருகிறவர்கள் இரண்டு பேர். இருவரையும் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

ஒருவர் ஔவையார். கல்யாணப் பேச்சு வந்தபோது பிள்ளையாரிடம் அழுது, இளமையை எடுத்துக்கொண்டு முதுமையைக் கொடு என்று வாங்கிக்கொண்டார் என்பது நாடறிந்த கதை. 1953இல் வந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அம்மா கையில் கோலோடு நடந்த அந்த உருவம்தான் நம் எல்லோர் மனதிலும் இருக்கிறது.

இன்னொருவர் காரைக்கால் அம்மையார். புனிதவதியின் மாம்பழக் கதை தெரியாத பிள்ளை நம் பள்ளிக்கூடத்தில் இருந்ததில்லை. கேட்டவுடன் கையில் மாம்பழம் வந்ததைப் பார்த்துப் பயந்த கணவன் பரமதத்தன், கப்பலேறிப் போய் பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். இவர் தேடிப்போனால், மனைவியும் குழந்தையுமாக வந்து காலில் விழுகிறான். அப்போது அம்மையார் இறைவனிடம் கேட்பது என்ன? இவனுக்காகத் தாங்கிய இந்தச் சதை இனி வேண்டாம், பேய் வடிவம் கொடு என்கிறார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இதை விரிவாகப் பாடியிருக்கிறார். சிவன் கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையைப் பாருங்கள். மற்றவர்கள் நிற்க, அம்மையார் மட்டும் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பார்.

இருவரும் கேட்டது விடுதலை. அந்தக் காலத்தில் பெண்ணின் உடம்பு கல்யாணத்துக்கும் கணவனுக்கும் உரியதாக இருந்தது. அதிலிருந்து வெளியே வர அவர்களுக்குக் கிடைத்த ஒரே வாசல், உடம்பையே கழற்றி வைப்பதுதான். அவர்கள் மேல் எனக்குள்ள மரியாதை அப்படியே இருக்கிறது. ஆனால் எனக்கு உடம்பைக் கழற்றி வைக்கும் எண்ணம் இல்லை. சுகர் மாத்திரையும் மூட்டுவலித் தைலமும் வைத்துக்கொண்டு இதற்குள்ளேதான் இன்னும் இருபது வருடமாவது குடியிருக்க வேண்டும். குடியிருக்கிற வீட்டைப் பூட்டிவிட்டுத் திண்ணையில் படுப்பானேன்?

மூன்றாவது ஒரு மூத்தவள் நமக்கு இருக்கிறாள். அவளைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் நடத்தியதில்லை. வீட்டில் மட்டும் தினமும் கேட்டிருக்கிறேன். மத்தியானம் ஒரு கண் அசந்தால் ஆச்சி கத்துவாள்: "எந்திரிட்டி மூதேவி! விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் என்ன தூக்கம்?"

மூதேவி என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மூத்த தேவி. திட்டுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. வடமொழியில் ஜ்யேஷ்டா என்றால் மூத்தவள். அதுதான் தமிழில் சேட்டை என்று ஆயிற்று. பையன்கள் வகுப்பில் செய்த சேட்டை வேறு சொல், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழில் அவளுக்கு அழகான பெயர் தவ்வை. தவ்வை என்றால் அக்காள். பாற்கடலைக் கடைந்தபோது லட்சுமிக்கு முன்னால் வந்தவள் என்பதால் அக்காள்.

வள்ளுவருக்கு அவளை நன்றாகத் தெரியும். பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வைக்குக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள் என்று அழுக்காறாமையில் (குறள் 167) சொல்கிறார். ஆள்வினை உடைமையில் (617) சோம்பல் இருக்குமிடத்தில் முகடி இருக்கிறாள் என்கிறார். முகடி என்றாலும் இவள்தான். பிறகு தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில், சேட்டையிடம் போய் செல்வம் கேட்டு நிற்கிறீர்களே என்று ஊராரைக் கடிந்துகொள்கிறார். இதில் எனக்கு ஒரு செய்தி கிடைத்தது. கடிந்துகொள்ளும் அளவுக்கு ஊரார் அவளைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

அதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் 773ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டியன் மாறஞ்சடையனின் படைத்தலைவன் சாத்தன் கணபதி அங்கே கோயிலையும் குளத்தையும் திருத்தினான். அவன் மனைவி நக்கன் கொற்றி இரண்டு தெய்வங்களுக்குக் கோயில் எடுத்தாள். ஒன்று துர்க்கைக்கு, மற்றொன்று சேட்டைக்கு. வீரத்துக்கு ஒன்று, மூப்புக்கு ஒன்று என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 1,250 வருடத்துக்கு முன்னால் வசதியும் அதிகாரமும் உள்ள ஒரு பெண்மணி தன் பெயரில் மூதேவிக்குக் கோயில் வைத்திருக்கிறாள் என்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. நான் கேட்டை நட்சத்திரம். கேட்டை என்பதும் ஜ்யேஷ்டா என்பதும் ஒரே பெயர். கேட்டையில் பிறந்த பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். மாப்பிள்ளைக்கு அண்ணன் இருக்கிறார் என்பதற்காகவே எனக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிற்று. சார் வீட்டில் மூத்த பிள்ளை, அதனால் என்னைக் கட்டினார். அந்த வகையில் தவ்வைக்கு நான் கடன்பட்டவள்!

ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஆறு பேர் சேர்ந்து காஞ்சிபுரம் போனபோதுதான் அவளை நேரில் பார்த்தேன். கைலாசநாதர் கோயில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. மணற்கல் கோயில். மற்றவர்கள் சோமாஸ்கந்தரைத் தேடிப் போய்விட்டார்கள். நான் கால் வலிக்கிறது என்று மெதுவாகச் சுற்றிவந்தேன். அங்கே இருந்தாள்.

தவ்வையை எப்படிச் செதுக்குவார்கள் என்று சொல்கிறேன். இரண்டு காலையும் தொங்கப் போட்டு, நன்றாக அகட்டி உட்கார்ந்திருப்பாள். பெரிய வயிறு. தளர்ந்த மார்பு அந்த வயிற்றின் மேல் சாய்ந்து கிடக்கும். தடித்த உதடு, அகன்ற இடுப்பு. பக்கத்தில் மாட்டுத் தலையோடு மகன், மறுபக்கம் மகள். காக்கைக் கொடி. சில இடங்களில் துடைப்பமும் கழுதையும் இருக்கும். இத்தனைக்கும் நடுவில் தலையலங்காரம், கழுத்தணி, கைவளை எல்லாம் உண்டு. நகைகளை யாரும் கழற்றவில்லை.

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெரியம்மாக்களைப் பார்த்திருக்கிறீர்களா? அதே உட்காருதல்தான். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. முந்தானையை இழுத்து எதையும் மறைக்கவில்லை. யாருக்காகவும் ஒதுங்கி இடம் விடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கை தானாக என் வயிற்றுக்குப் போயிற்று. இரண்டு பிள்ளை பெற்றதும் ஒரு ஆபரேஷன் தழும்பும் உள்ள வயிறு. 40 வருடமாகச் சேலை மடிப்பால் மறைத்துக்கொண்டு வந்தது. இதைத் தெய்வமாகச் செதுக்கியிருக்கிறார்களே என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட வந்தவர்கள் வெயில் என்று நினைத்துக் குடையைக் கொடுத்தார்கள்.

படித்தவர்கள் உடனே கேட்பீர்கள்: டீச்சர், புராணத்தில் அவள் அமங்கலம் அல்லவா? ஆமாம். வறுமை, சண்டை, சோம்பல் எல்லாம் அவள் கணக்கில்தான் எழுதியிருக்கிறது. லிங்க புராணத்தில் துஸ்ஸகர் என்ற முனிவருக்கு அவளைக் கட்டிவைக்கிறார்கள். மந்திர ஒலி கேட்கும் இடமெல்லாம் அவளால் இருக்க முடிவதில்லை. கடைசியில் அவரும் விட்டுவிட்டுப் போகிறார். பெண்கள் இடும் படையலில் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று கதை முடிகிறது. நான் அதை மாற்றிச் சொல்ல வரவில்லை. ஆனால் புராணம் எழுதியவர் ஒரு பக்கம் இருக்க, உளி பிடித்தவரும் படையல் வைத்த பெண்களும் அவளிடம் வேறு எதையோ பார்த்திருக்கிறார்கள். சோழர் காலத்துக்குப் பிறகு அவள் வழிபாடு மெல்ல மங்கியது. இன்று பல ஊர்களில் பிராகார மூலையிலும் குளக்கரையிலும் பெயர் தெரியாமல் கிடக்கிறாள். நம் வீடுகளில் வயதான பெண்களின் கட்டில் பின்கட்டுக்குப் போகும் வழியும் ஏறக்குறைய அதே வழிதான்.

இன்னொரு சொல்லையும் சொல்ல வேண்டும். திருமுருகாற்றுப்படையில் முருகனை ஒரு பழையோளின் குழந்தை என்று நக்கீரர் அழைக்கிறார். பழையோள் கொற்றவை. அந்தப் பழையவளை அறிமுகப்படுத்தும்போதே அணிகலன்களால் சிறந்தவள் என்று சொல்கிறார். பழமையும் நகையும் ஒரே மூச்சில். வயதானால் அலங்காரம் எதற்கு என்ற கேள்வி அந்தப் புலவருக்குத் தோன்றவே இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் என்ன செய்தேன் என்று அந்த 49 வயது மாணவிக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் தூக்கம். மத்தியானம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் பாயை விரித்துப் படுக்கிறேன். ஆச்சியின் குரல் கேட்கத்தான் செய்கிறது. "ஆமா ஆச்சி, மூதேவிதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது எண்ணெய்க் குளியல். செவ்வாயும் வெள்ளியும். நல்லெண்ணெயை இரண்டு மிளகு போட்டுச் சுட வைத்து, உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரை நானே தேய்க்கிறேன். அவசரமாகத் தேய்ப்பதில்லை. தோள், முழங்கை, வயிற்றுத் தழும்பு, தொடை, ஒவ்வொரு கால்விரல் இடுக்கு. வெதுவெதுப்பான எண்ணெய் தோலில் இறங்கும்போது ஒரு சுகம் வருகிறது. முதல் வாரம் அந்தச் சுகத்தில் எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் இந்த உடம்பை வேலைக்காரியைப் போல வைத்திருந்து, திடீரென்று விருந்தாளியாக உட்கார வைத்தது போல இருந்தது. பிறகு சீயக்காய், வெந்நீர். அன்று மட்டும் மிளகு ரசம், பருப்புத் துவையல். உட்கார்ந்து, இலை போட்டு.

மூன்றாவது குற்றாலம். பக்கத்தில் இருந்துகொண்டு எத்தனை வருடம் போகாமல் இருந்தேன்! ஆனி மாதச் சாரலில் பேத்தியோடு போனேன். பெண்கள் பக்கம் என்ன கூட்டம்! என் வயதுக்காரிகள் எத்தனை பேர், பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, "ஏய் தள்ளு தள்ளு" என்று சத்தம் போட்டபடி. அருவி தோளில் விழும்போது என்ன வயது என்று கேட்பதில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும், வழுக்கும். முன்பின் தெரியாத ஓர் அம்மா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவோ நாள் கழித்து ஒரு மனுஷத் தொடுதல்.

நான்காவது டாக்டர். இதைப் பெண்கள் கவனமாகப் படியுங்கள். மெனோபாஸுக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பு வலு இழக்கிறது. தூக்கம் கெடுகிறது. பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரலாம். கணவனோடு சேர்வது வலியாகிறது என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னவர்கள் உண்டு. வயசானா அப்படித்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டாம். இவற்றுக்கு மருந்து இருக்கிறது. பெண் மருத்துவரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நின்ற பிறகு மறுபடி ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். எலும்புக்கு நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்று பிசியோதெரபி படித்த என் மாணவன் சொன்னான். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, காலையில் பத்து, சாயங்காலம் பத்து. தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைக் கையில் தூக்கி இறக்குவது. தவ்வையைப் போல ஜம்மென்று உட்கார வேண்டும் என்றாலும் முதுகில் பலம் வேண்டுமே!

ஐந்தாவதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஆசை போய்விடுகிறதா என்று கேட்டால், போவதில்லை. சில நாள் சார் கனவில் வருகிறார். பேசுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறார். விழித்துப் பார்த்தால் உடம்பு முழுக்க ஓர் இளஞ்சூடு இருக்கிறது. முன்பெல்லாம் எழுந்து முகத்தைக் கழுவி, பூஜை அறைக்கு ஓடுவேன். இப்போது அப்படியே படுத்திருக்கிறேன். என் உடம்பு அவரை நினைத்துக்கொள்கிறது, இதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

சங்க காலத்து ஔவை இதைத்தான் செய்தார். பிள்ளையாரிடம் முதுமை கேட்ட ஔவை கதையில் வருபவர். புறநானூற்று ஔவை வேறு. அதியமான் அவருக்கு நெல்லிக்கனி கொடுத்தது நீங்கள் படித்தது. அவன் இறந்தபோது அவர் பாடியது 235ஆம் பாட்டு. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருபவர், நடுவில் அவன் கையை நினைத்துக்கொள்கிறார். வாசனை மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பானே என்கிறார். அது நட்பின் தொடுதல்தான். ஆனால் தமிழின் மிகப் பெரிய பெண் புலவர், இறந்தவனைப் பற்றிப் பாடும்போது அவன் கையின் மணத்தையும் தன் தலையில் பட்ட அந்தத் தடவலையும் மறக்கவில்லை. சபையில் சொல்ல வெட்கப்படவும் இல்லை. நர்ஸ் தவிர யாரும் தொடாத அந்த மாதத்தில் நான் தேடியது அதைத்தான்.

எனவே ஆண் மாணவர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். அம்மா இருந்தால், மாதாமாதம் பணம் அனுப்புவதோடு நிறுத்தாமல், ஊருக்குப் போகும்போது பத்து நிமிடம் அவர்கள் காலைப் பிடித்துவிடுங்கள். தலையில் எண்ணெய் வைத்துவிடுங்கள். முதலில் "விடுலே, என்னது இது" என்பார்கள். கையை எடுத்துவிடாதீர்கள்.

உறவுகளுக்கு ஒரு செய்தி. வருகிற ஆவணியில் நம் வீட்டுக் கல்யாணம். ஒரு பெரியவர் என் காதுபடவே, "அவ இப்பல்லாம் கலர் கலரா உடுத்துதாளாமே, அருவிக்கெல்லாம் போறாளாமே, பூவும் வச்சிட்டு வந்து நிப்பாளோ" என்று கேட்டார். பெண்ணின் அம்மா பாவம், இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவிக்கிறாள். அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று முதலில் பின்வரிசையில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு கல்யாணப் பெண்ணே போன் செய்தாள். "பெரியம்மா, நீங்க முன்னாடி உக்காரணும். எனக்கு நலுங்கு நீங்கதான் முதல்ல வைக்கணும்" என்றாள். பிறந்ததிலிருந்து என் மடியில் வளர்ந்த குழந்தை. அவள் கேட்டதற்கு நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை.

ஆகையால் இப்போதே எல்லோரும் அறியச் சொல்லிவிடுகிறேன். அரக்குக் கலர் பட்டு. முன்வரிசை நாற்காலி. தலையில் மல்லிகைப்பூ. பேசுகிறவர்கள் மண்டபத்தில் வைத்துப் பேச வேண்டாம், கீழே கமெண்டில் பேசிக்கொள்ளலாம். பதில் சொல்ல எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, மத்தியானத் தூக்க நேரம் நீங்கலாக.

கல்யாணத்துக்கு வருகிற என் மாணவிகள் பூ வாங்கும்போது எனக்கும் இரண்டு முழம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். முடி கொட்டியிருக்கிறது, ஆனால் இரண்டு முழம் தாங்கும்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்